மச்சு ஜன்னலில் அடித்த தகரம்

அனுப்புநர்:
மு. ராஜாமணி,
த/பெ. காலஞ்சென்ற முனிரத்தினம்,
கிணற்றடித் தெரு, தண்டலம்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: வீட்டு மச்சில் காற்றுப் போகும் ஜன்னல்கள் தகரம் அடித்து மூடப்பட்டதால் என் மனைவி, பச்சைக் குழந்தை, தமக்கை ஆகியோர் உயிருக்கு நேர்ந்த ஆபத்து – அவ்வாறு மூடச் சொல்லி உத்தரவு உண்டா, இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுவது – குறித்து.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, மிகுந்த பயத்தோடும் பணிவோடும் எழுதிக்கொள்வது.

1. நான் மேற்கண்ட முகவரியில் பிறந்து, அங்கேயே குடியிருப்பவன். நெடுஞ்சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர் வேலை. இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. என் பேரில் வழக்கு ஏதும் இல்லை. எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கள் வீட்டில் வெளியூர் ஆட்கள் யாரும் தங்கியதில்லை. என் தமக்கை மட்டும் வடக்குப்பட்டிலிருந்து வந்திருக்கிறார், அவரும் பிரசவம் பார்க்கத்தான். இதையெல்லாம் யாரும் கேட்காமலே ஏன் சொல்கிறாய் என்று தாங்கள் நினைக்கலாம். பிறகு யாராவது வந்து, இதை ஏன் மறைத்தாய் என்று கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் சொல்கிறேன். இந்த மனு முழுவதும் அப்படித்தான் இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் வீடு என் தகப்பனார் காலத்து ஓட்டு வீடு. ஓட்டுக்கும் கீழே உள்ள பலகைத் தளத்துக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு இடம் உண்டு. அதைத்தான் மச்சு என்கிறோம். உள் அறையின் மேல்தளத்தில் ஏணி வைத்து ஏறச் சதுரமாக ஒரு வழி விட்டிருக்கிறது. அதற்கு மூடி கிடையாது. மச்சின் முன்பக்கம் நெடுஞ்சாலையைப் பார்த்து ஒரு சிறு ஜன்னல், பின்பக்கம் கொல்லையைப் பார்த்து ஒன்று. கண்ணாடியோ கதவோ இல்லை, குறுக்கே மரக்கம்பிகள் மட்டும். இதைத் தவிர ஓட்டு முகட்டில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். மச்சில் நாங்கள் வைத்திருப்பது விதை நெல், வேர்க்கடலை மூட்டை, பழைய தொட்டில் கம்பு, கார்த்திகைக்கு ஏற்றும் அகல்கள், ஒரு கட்டு மெழுகுவர்த்தி, உடைந்த கலப்பை. வேறு ஒன்றும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

3. கடந்த மே மாதம் தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் குண்டு வெடித்து இறந்து நம் ஊரில் நடந்த துயரம் தாங்கள் அறிந்ததே. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவில் யாரும் பழையபடி இல்லை. நாய் குரைத்தாலும் விளக்கை அணைப்போம். எங்கள் தெருக்காரர் ஒருவரை விசாரணைக்கு அழைத்துப் போய் மறுநாளே அனுப்பிவிட்டார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார்கள் என்று அவரே சொன்னார். ஆனாலும் அன்று முதல் அவர் வாசலில் வந்து உட்காருவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எங்கள் தெரு முழுக்க அந்தக் கண்தான்.

4. அந்தச் சமயத்தில் எங்கள் தெருப் பெரிய மனிதர் திரு. அப்பாவு அவர்கள் வீடு வீடாக வந்து, நெடுஞ்சாலையைப் பார்த்த மச்சு ஜன்னல்களை எல்லாம் உடனே மூட வேண்டும், மேலிடத்து உத்தரவு என்று சொன்னார். பெரிய தலைவர்கள் போகிற சாலை, மேலே ஒருவன் பதுங்கினால் யாருக்குத் தெரியும் என்றார். நியாயம்தானே என்று எல்லோருக்கும் பட்டது. அன்றே எண்ணெய் டின்களை வெட்டித் தகரமாக்கி, ஆணி அடித்து மூடினோம். பின்பக்க ஜன்னல் சாலையைப் பார்க்கவில்லையே என்று நான் கேட்டேன். அதற்கு அவர், “இன்னா ராஜாமணி, நீ ஒர்த்தன் தொறந்து வச்சிகினா நாளைக்குத் தெருவே பதில் சொல்லணும்” என்றார். அதையும் மூடினேன். ராத்திரியில் முகட்டுச் சந்தில் விளக்கு வெளிச்சம் கசிந்தால் சைகை என்று நினைப்பார்கள் என்று யாரோ சொல்ல, சிமெண்டுக் கலவை போட்டு அந்தச் சந்தையும் பூசிவிட்டோம். ஆக, மச்சுக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை என்று ஆகிவிட்டது. உத்தரவைக் காகிதத்தில் பார்த்தவர் யாரும் இல்லை. கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

5. ஆடிக் காற்றில் எங்கள் தெரு டீக்கடை கோபால் வீட்டுத் தகரம் பிய்ந்து பறந்தது. மறுநாள் காலையில் அவர் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். மேலே யாரை ஏற்றினாய், ராத்திரி யார் வந்தது என்று ஆளுக்கொரு கேள்வி. அவர் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்து, இரட்டை ஆணி அடித்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. ஒரு வாரம் அவர் கடையில் யாரும் டீ குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. கோபாலிடம் கடலை மிட்டாய் வாங்கித் தின்று வளர்ந்தவன் நான்.

6. மூடிய பிறகு மச்சு அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஏணியில் ஏறித் தலையை நீட்டினால் முகத்தில் அனல் அறையும். மெழுகுவர்த்திக் கட்டு வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டது. விதை நெல்லில் பாதி முளைக்கவில்லை. கீழே படுத்தால் மேலே பலகையிலிருந்து சூடு இறங்கும். வியர்வையில் பாய் நனையும். என் மனைவி ரத்னா அப்போது மாசமாக இருந்தாள். இரண்டு முறை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அவளைக் கொல்லையில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். அதற்கும், ஏன் உன் சம்சாரம் வெளியில் படுக்கிறாள், வீட்டுக்குள் யார் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது ஐயா?

7. ஐப்பசி மழை வந்ததும் வேறு கூத்து. மேல்தளப் பலகை சொட்டத் தொடங்கியது. ஓடு உடைந்துவிட்டது என்று நினைத்துக் கூரைக்காரரை வைத்து ஓடு ஓடாகப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. கூரை ஒழுகவில்லை, மச்சுதான் வேர்த்துக்கொண்டிருந்தது. கீழே சமைக்கிற ஆவி, நாங்கள் விடுகிற மூச்சு, காயப்போட்ட ஈரத் துணி எல்லாம் மேலே போய், வெளியேற வழி இல்லாமல் பலகையில் நீராகி, திரும்ப எங்கள் தலையிலேயே விழுந்தது. உத்திரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. வேர்க்கடலை மூட்டையைப் பிரித்தால் கறுப்பாகப் பொடி பறந்தது. நகத்தால் கீறினால் கைமரத்தில் பள்ளம் விழுகிறது. என் தகப்பனார் பார்த்துப் பார்த்து வாங்கிய மரம்.

8. நான் வேலை செய்யும் ஷெட்டின் கூரை முகட்டில் நீளமாக ஒரு வாய் திறந்திருக்கும். மழைச் சாரல் அதன் வழியாக விழுகிறது என்று நாங்கள் ஒருமுறை சூப்பர்வைசரிடம் மூடச் சொல்லிக் கேட்டோம். அதை மூடினால் லைனில் நிற்கிற நீங்கள் எல்லாம் சுருண்டு விழுவீர்கள், சூடும் கெட்ட காற்றும் மேலேதான் போகும், போகிறதற்கு வழி விட வேண்டும் என்று அவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து என் தலைக்கு மேல் இருந்த தகரத்தைப் பார்த்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கம்பெனிக் கூரை வேறு, வீட்டுக் கூரை வேறு என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

9. ஐப்பசி நடுவில் ரத்னாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் ஆகிப் பெண் குழந்தை பிறந்தது. ரத்னாவுக்குத் தாய் இல்லாததால் என் தமக்கை கங்கம்மாள் வந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை உள் அறையில் காற்றுப் படாமல் வைப்பது வழக்கம். தலைக்கு ஊற்றியதும் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, பிறகு அடுப்புக்கரி போட்ட தணல் சட்டியைக் கட்டிலுக்கு அருகில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். தாயின் இடுப்புக்கும் சூடு, குழந்தையின் துணியும் காயும். நான் வளர்ந்ததும் அந்தத் தணலில்தான், என் தமக்கை வளர்ந்ததும் அதில்தான். எங்கள் வீட்டில் இதனால் யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. காரணம் இப்போதுதான் புரிகிறது. அந்த அறைக்கு நேர் மேலேதான் மச்சு வழி. தணலின் புகையும் நஞ்சும் அந்த வழியாக மேலே ஏறி, இரண்டு ஜன்னலிலும் வெளியே போய்க்கொண்டிருந்தன. அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது, அதில் காற்று வராது. மச்சு ஜன்னல்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியாது, கட்டிய கொத்தனாருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

10. மழை இல்லாத நாட்களில் கதவு ஒருக்களித்து இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அடைமழை பிடித்ததும் கதவைச் சாத்தினோம். ரத்னா தலை வலிக்கிறது, கண் இருட்டுகிறது என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அக்காள் சுக்குப் பற்றுப் போட்டார். அடுத்த நாள் மேலிருந்து ஒரு பல்லி ரத்னாவின் தோளில் விழுந்தது. அது ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று தொட்டில் கயிற்றின் மேல் விழுந்தது. நாங்கள் பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலன் பார்த்தோம். தோளுக்கு நல்ல பலன்தான் போட்டிருந்தது. தொட்டில் கயிற்றுக்குப் பலன் போடவில்லை. அதனால் மனது கேட்காமல், என் வார விடுமுறையில் நான் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டு, அந்தக் கையாலேயே வந்து மனைவியையும் குழந்தையையும் தொட்டேன். தோஷம் போயிற்று என்று அன்று நன்றாகத் தூங்கினேன். பல்லி விழுந்தால் அது எங்கிருந்து விழுந்தது என்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

11. மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை. உள் அறைக் கதவைத் தட்டினேன், பதில் இல்லை. தூங்குகிறார்கள் என்று தாழ்வாரத்தில் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றேன். பிறகு குழந்தையின் சத்தமே இல்லையே என்று பொறி தட்டியது. பால் குடித்த நேரம் போக மற்ற நேரம் எல்லாம் கத்துகிற பிள்ளை அது. கதவைத் தள்ளினேன், சாரல் வராமல் இருக்கக் கதவின் கீழே உள்பக்கமாகக் கோணி சொருகியிருந்ததால் திறக்கவில்லை. தோளால் மோதித் திறந்தேன். புகை அதிகம் இல்லை, நாற்றமும் இல்லை. தணல் சிவப்பாக அழகாக இருந்தது. அக்காள் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் வாய் அசையவில்லை. ரத்னா கையைத் தூக்கப் பார்த்தாள், கை எழவில்லை. குழந்தை தொட்டிலில் துணி மாதிரி கிடந்தது.

12. யாரை முதலில் தூக்குவது என்று ஒரு கணம் நின்றேன். அப்படி ஒரு கணக்கு எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது ஐயா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, கொட்டும் மழையில் பிடித்தேன். ஐயோ தாயே, அழு, அழு என்று நான்தான் கத்தினேன். மழை முகத்தில் விழுந்ததும் ஒரு விக்கல், பிறகு ஒரு முனகல், அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. உயிர் திரும்பியது அதற்கு மட்டும் அல்ல, எனக்கும்தான். கோபால் ஓடி வந்தார். நான் அவர் கடைப் பக்கம் போகாததை மனதில் வைக்காமல், ரத்னாவையும் அக்காளையும் இழுத்து வெளியே போட்டு, தணல் சட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்தார்.

13. சுகாதார நிலையத்தில் மூவரையும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே உள்ள நர்ஸ் ஜெயலக்ஷ்மி அம்மாள் எல்லாம் விசாரித்தார். அடுப்புக்கரி எரியும்போது ஒரு விஷக் காற்று வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூடிய அறையில் அது நிறைந்தால் தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள் என்றார். வீட்டில் புகைபோக்கியோ மேல் ஜன்னலோ இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, மூடி வைத்திருக்கிறோம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லப் பயமாக இருந்தது. சளி பிடிக்கும் என்று மூடினோம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாளிடம் பொய் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இனிமேல் தணல் வைக்கவே கூடாது, பூசணம் பிடித்த அந்த அறையில் காற்று ஓட்டம் வரும்வரை குழந்தையைப் படுக்க வைக்கவும் கூடாது, மார்புச் சளி கட்டிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

14. இப்போது என் மனைவியும் குழந்தையும் எங்கள் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறார்கள். கீற்றுக் கொட்டகை, நாலு பக்கமும் காற்று வருகிறது, சாரலும் வருகிறது. பசுவை வெளியில் கட்டிவிட்டோம். அது மழையில் நனைந்துகொண்டு உள்ளே பார்த்துக் கத்துகிறது. கொசு பிடுங்குகிறது. குழந்தை அழுதால் எங்களுக்கு நிம்மதி. அழாமல் இருந்தால்தான் எழுந்து போய் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறோம், முதலில் ரத்னா, அப்புறம் நான், அப்புறம் மறுபடியும் ரத்னா. அக்காள் கங்கம்மாள் குழந்தையைத் தொடுவதே இல்லை. என் கையாலேயே கொள்ளி வைக்கப் பார்த்தேனே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஊருக்கும் போகமாட்டேன் என்கிறார், வீட்டுக்குள்ளும் வரமாட்டேன் என்கிறார். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வீட்டு உத்திரத்தில் தொட்டில் கட்டிய பிறகுதான் பெயர் என்று ரத்னா சொல்லிவிட்டாள்.

15. இவ்வளவு நடந்த பிறகும் அந்தத் தகரத்தை நீ பிய்த்து எறியவில்லையா என்று தாங்கள் கேட்பீர்கள். எறியவில்லை ஐயா. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஆணியில் கையை வைத்ததும் கோபால் வீட்டு வாசலில் நின்ற கூட்டம் கண்ணுக்கு வந்தது. உத்தரவை மீறினான் என்று என்னை அழைத்துப் போய்விட்டால் கொட்டகையில் இருக்கும் இரண்டு பெண்களையும் பச்சைப் பிள்ளையையும் யார் பார்ப்பது? இறங்கி வந்துவிட்டேன். பெண்டாட்டி பிள்ளை சாகக் கிடந்தும் நாலு ஆணியைப் பிடுங்கத் துணியாதவன் என்று தாங்கள் என்னைக் காறித் துப்பினாலும் நியாயமே. ரத்னா நான் ஏறியதையும் பார்த்தாள், இறங்கியதையும் பார்த்தாள். அது போதாதா?

16. இந்த மனுவை எழுதத் தொடங்கியது எப்படியோ தெரிந்து, திரு. அப்பாவு அவர்கள் கொல்லை வழியாக வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கொட்டகையில் கிடந்த குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தை பிறக்கும் முன் நாள் குறித்திருக்கிறார்கள். அவர் வீட்டு மச்சும் மூடித்தான் இருக்கிறது. அவள் படுக்கை மேல் இரண்டு நாளாகச் சொட்டுகிறது. உங்களுக்குத்தானே உத்தரவு வந்தது, அது எந்த ஆபீஸிலிருந்து வந்தது, சொல்லுங்கள், அங்கேயே மனு எழுதுகிறேன் என்று கேட்டேன். வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்து ஒடித்தார். பிறகு சொன்னார். ஜூன் மாதம் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர் ஒருவர் வெயில் தாங்காமல் அவர் வீட்டு நிழலில் நின்று சோடா குடித்தாராம். குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, “மேலே அது இன்னா ஜன்னலு?” என்று கேட்டாராம். மச்சு ஜன்னல் என்று இவர் சொன்னாராம். ஓகோ என்று சொல்லிவிட்டு, சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டாராம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

17. சரி, அப்படியானால் இப்போதே பிடுங்கிவிடலாமே என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. போலீஸ்காரர் சும்மாவா கேட்பார், கேட்டதற்கு அர்த்தம் என்னவென்று நமக்கு எப்படித் தெரியும், அதுவே உத்தரவாக இருந்தால் என்ன செய்வது என்கிறார். உத்தரவு இல்லை என்று இவரே இப்போது சொன்னால் தெரு இவரைச் சும்மா விடாது; உத்தரவு உண்டு என்றால் சொந்த மகளை அந்தத் தகரத்தின் கீழே படுக்க வைக்க வேண்டும். தானே அடித்த ஆணியைப் பிடுங்கத் தானே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். போகும்போது, என் வீட்டையும் மனுவில் சேர்த்துக்கோ, ஆனா என் பேரைப் போடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் பெயர் ஏற்கெனவே நான்காவது பத்தியில் வந்துவிட்டது, இனி மறைத்துப் பயன் இல்லை. திரும்ப எழுதலாம் என்றால் ஒரு பக்கம் முழுவதும் திரும்ப எழுத வேண்டும். தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. எங்களைப் போலப் பயந்தவர்தான், கொஞ்சம் முன்னாலேயே பயந்துவிட்டார்.

18. ஆகவே ஐயா, ஒரு காவலர் சோடா குடித்தபோது கேட்ட கேள்வி உத்தரவா, வெறும் கேள்வியா என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத் தாங்கள் சொல்ல வேண்டும். உத்தரவு என்றால் அதன் நகல் ஒன்றைக் கொடுத்து, அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளை எங்கே வைத்துக் காப்பாற்றுவது என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். உத்தரவு இல்லை என்றால், அப்படி ஓர் உத்தரவு இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். முத்திரை அவசியம். அதைத் தெருமுனையில் ஒட்டிவிடுவோம். எங்கள் மேல் சந்தேகம் என்றால் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வலை அடித்துக்கொள்ளவும் தயார். ஆள் நுழைய வேண்டாம், தலை நீட்ட வேண்டாம், காற்று மட்டும் போய்வர விட்டால் போதும்.

19. எங்கள் தெருவில் இன்னும் பல வீட்டு மச்சுகள் மூடியே இருக்கின்றன. மார்கழிப் பனி வரப்போகிறது. எல்லா வீட்டிலும் தணல் சட்டி உண்டு. தணல் வேண்டாம் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொள்கிறார்கள், ஆனால் குளிருக்குப் பிள்ளை நடுங்கும்போது யார் அதை நினைத்துப் பார்ப்பார்கள்? எனக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகச் சீக்கிரம் பதில் தர வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. மே மாதத்துப் பயம் வேறு. அது வெளியிலிருந்து வந்தது, கதவைச் சாத்திக்கொண்டோம். இப்போது கதவைச் சாத்தவே பயமாக இருக்கிறது.

20. சாட்சியாகக் கீழே ஒரு கைநாட்டு இருக்கிறது. அது அப்பாவு அவர்களுடையது. அவருக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். கோயில் ரசீதுகளில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போடுபவர். கையெழுத்தில் பெயர் தெரிந்துவிடும், கட்டைவிரல் என்றால் யாருக்கும் தெரியாது என்று அவரே மையைத் தொட்டு வைத்துவிட்டுப் போனார். கைரேகைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை. அவர் மகளுக்கும் நாள் நெருங்குகிறது, எங்களுக்கு இன்னொரு சாட்சி கிடைக்காது.

ஏணியை மச்சு வழியில் சாத்தியே வைத்திருக்கிறேன். மேல்படியில் சுத்தியலும் இருக்கிறது. தங்கள் ஒரு வரி வந்த அன்றே ஏறிவிடுவேன். அதற்குள் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் உத்தரவு வரட்டும் என்று நான் காத்திருக்கமாட்டேன், தகரத்தைப் பிடுங்கிவிடுவேன் என்பதையும், பிறகு மறைத்தேன் என்று வரக் கூடாது என்பதால், இப்போதே எழுதிவிடுகிறேன்.

தங்கள் பதிலுக்காக மாட்டுக் கொட்டகையில் காத்திருக்கும்,

(ஒப்பம்) மு. ராஜாமணி

இடம்: தண்டலம்
நாள்: 27.11.1991

சாட்சி: (இடது கைப் பெருவிரல் ரேகை)